ஒன்றரைப் பேர்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பீலியில் குடம் நிரம்பக் காத்து நின்றோம். மருதாயி அத்தை ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பலாங்கொடையில் புதிதாகத் திறந்திருந்த சூப்பர்மார்க்கெட்டின் சிங்கள விளம்பரம். வியர்வை பட்டு ஒரு மூலையில் சாயம் கலைந்திருந்தது.

"ஏ சுமி, இங்க வா. என்னா போட்டிருக்குன்னு வாசி."

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிங்களம் பேசாதவர்கள் இல்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ் காசு இல்லாதது ஒரு காரணம். நாலு பேர் முன்னால் எழுந்து வாசிக்கச் சொன்னால் சத்தம் வராமல்போவது இன்னொரு காரணம். அதை வீட்டில் நான் சொன்னதில்லை.

தாளைக் கையில் வாங்கி மெதுவாக வாசித்தேன்.

"என்னா, கடைக்காரன் காதுல ரகசியமா சொல்ற? சத்தமா வாசி புள்ள."

பால் மா நானூறு கிராம் பைக்கட்டுக்கு முப்பத்தைந்து ரூபாய் குறைவு. நாட்டரிசி ஐந்து கிலோவுக்கு அறுபது ரூபாய் குறைவு. கோதுமை மா இரண்டு கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு. புதன்கிழமை மட்டும். ஒரு ஆளுக்கு ஒன்று மட்டும்.

"ஆளுக்கு ஒன்னுதானா?" என்று வெள்ளையம்மா அக்கா முகத்தைச் சுருக்கினார்.

"அதுக்குத்தான் எல்லாரும் போவோங்கிறேன்," என்றார் மருதாயி அத்தை. "பத்துப் பேரு போனா பத்துப் பைக்கட்டு. நாளைக்கு ஒரு பேரு போனா போவுது. வருசம் முழுக்கவா போகப்போறோம்?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். மலைக்குப் போய் நிறை குறையாமல் கொழுந்து கொடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டுப் போனால் ஒன்றரைப் பேர். சம்பளம் இந்தப் பேர்க் கணக்கில்தான் வரும்.

அந்த வருடம் சாமான்களின் விலை ஒரு மாதம் இருந்தது போல அடுத்த மாதம் இருக்கவில்லை. சந்தியில் ஹலீம் நானா தன் கடை வாசலில் விலை எழுதித் தொங்கவிடும் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். கேட்டால், "அழிச்சு அழிச்சு எழுத சோக்கட்டிக்கே காசு போகுது," என்பார். மாவின் விலை ஏற ஏற எங்கள் வீட்டு ரொட்டி மெலிந்தது. அம்மா முதலில் கனத்தைக் குறைத்தாள், பிறகு வட்டத்தைக் குறைத்தாள். நானும் அம்மாவும் சாயத்தண்ணிக்கு மாறி, உள்ளங்கையில் வைத்த சீனியைத் தொட்டுக்கொண்டு குடித்தோம். பால் மா தங்கை சசிக்கு மட்டும். அவளுக்கு எட்டு வயது. பால் இல்லாத தேத்தண்ணியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்பா கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறார். அவர் அனுப்பும் காசு அவர் சாப்பிட்டது போக மிஞ்சுவது. வீடு ஓடுவது அம்மாவின் பேரில்தான். தீபாவளிக்கு எடுத்த அட்வான்ஸை அந்த மாதத்திலிருந்து பிடிக்கப்போவதாகத் தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். போதாததற்கு அம்மாவுக்குச் சிக்குன்குன்யா வந்தது. ஆறு நாள் காய்ச்சல். காய்ச்சல் போன பிறகும் முழங்காலும் மணிக்கட்டும் வீங்கியே இருந்தன.

அதனால் பீலியில் அம்மா யோசிக்கவேயில்லை. "நானும் வாரேன் மருதாயி," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து தீபாவளிச் சேலையை எடுத்து உதறினாள். அந்தக் கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் நிற்கிறானாம். கொழுந்தெடுக்கும் சேலையோடு போனால் அவன் என்ன நினைப்பான்?

நான் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வேலைக்குப் போன நாட்களில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முழுக்கோடும் ஒரு அரைக்கோடும் இருந்தன.

"அம்மா, இதுவரைக்கும் எத்தனை பேர்?"

"பதினஞ்சு. நாளைக்குப் போகாட்டியும் மாசம் முடிய வியாழன், வெள்ளி, சனி மூனு இருக்கு. பதினெட்டு வந்துரும்."

பதினெட்டுதான் வேண்டும். அந்த மாதம் வேலை இருபத்து நான்கு நாள். அதில் முக்கால்வாசி வந்தவர்களுக்கு, வந்த ஒவ்வொரு நாளுக்கும் எழுபது ரூபாய் கூடக் கிடைக்கும். அதுதான் வரவுக்காசு. பதினெட்டு நாளுக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய். பதினேழு நாள் வந்தால் அந்த எழுபது ரூபாய் எந்த நாளுக்கும் இல்லை. அட்வான்ஸ் பிடித்த பிறகு வரும் சம்பளத்தில் எங்களுக்கு அரிசி வாங்கும் காசு அது.

"ஞாயித்துக்கிழமை ஒன்றரைங்கிறது சம்பளத்துக்குத்தானேம்மா? வரவுக்கு ஒரு நாள்தானே? அப்படின்னா பதினாலுதான்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு நாள்ல ஒன்றரை நாள் எப்படி வர ஏலும்?"

"தோட்டம் ஒன்றரைன்னு போடுது, நீ ஒன்னுங்குற. நீயா சம்பளம் குடுக்குற?"

"நாளைக்கு நீங்க வேலைக்குப் போங்க. கடைக்கு நான் போறேன்."

அம்மா சேலையை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு. "நீயா? ஹலீம் நானா கடையில உப்பு வாங்க அனுப்புனா, கடையில ஆளு நிக்குதுன்னு வெறுங்கையோட திரும்பி வாரவ நீ."

அது உண்மைதான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

விடிந்ததும் அம்மா முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லாமல் வெளியே வந்து பெரட்டுக்களத்தின் பக்கம் நடந்தேன். காலையில் எல்லோரும் கூடி நின்று பேர் கொடுத்து, எந்த மலைக்கு வேலை என்று கேட்டுக்கொள்ளும் இடம் அது. நான் அங்கே போனதேயில்லை. கூடையும் இடுப்பில் கட்டும் படங்குச்சாக்குமாக ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். நல்லையா கணக்கப்பிள்ளை பேர் பதியும் செக்ரோலைக் கையில் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்கலாம் என்று மதிலோடு ஒட்டி நின்றேன். ஆனால் கலைந்த பிறகு பெரட்டு முடிந்துவிடும். பஸ்ஸும் போய்விடும். கூடைகளுக்கு நடுவே முன்னால் போனேன்.

"ஐயா."

அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, "ஐயா, ஜீவராணி மக என்னமோ கேக்குது," என்று சத்தம் போட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னா, புதுசா பேரு பதியவா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"இல்லைங்க. ஞாயித்துக்கிழமை ஒன்றரைப் பேரு... வரவுக்கு ஒன்றரையா, ஒன்னாங்க?"

"என்னா? சத்தமா."

நான் மறுபடியும் கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"காசு ஒன்றரை. தலை ஒன்னுதான். ஒன்றரைத் தலையோட பெரட்டுக்கு வந்த ஆளை நான் இன்னும் பாக்கல." கூட்டம் சிரித்தது. அவர் தாளைப் புரட்டினார். "ஜீவராணி... பதினாலு. இன்னைக்கு இன்னும் வரலையே? இன்னும் கால் மணி நேரந்தான். பெரட்டு முடிஞ்சா பேரு இல்ல."

நான் ஓடினேன்.

பஸ் நிற்கும் இடம் கீழே, ஹலீம் நானாவின் கடைக்கு எதிரில். குறுக்குப் பாதையில் இறங்கும்போதே சேலைகளின் நிறம் தெரிந்தது. ஒன்பது பெண்கள், கல்யாண வீட்டுக்குப் போவது போல நின்றார்கள். தூரத்து வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. பக்கத்தில் போய்ச் சொல்ல நேரமில்லை.

"அம்மா, பதினாலுதான்! ஞாயித்துக்கிழமை வரவுக்கு ஒன்னுதானாம், கணக்கப்பிள்ளை ஐயா சொன்னாரு!"

எல்லோருக்கும் கேட்டது. ஹலீம் நானா கூடக் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் போட்டிருந்த பவுடர் தனியாகத் தெரிந்தது.

"இன்னைக்குப் போகாட்டி பதினேழு. வரவுக்காசு ஒன்னும் இல்ல. இன்னும் கால் மணி நேரந்தான் இருக்காம்."

"காலங்காத்தால நல்ல சகுனம்," என்றார் மருதாயி அத்தை. "ஏ மதினி, சின்னப் புள்ள பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே."

அம்மா குறுக்குப் பாதையைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து என் கையில் வைத்து விரல்களை மூடினாள். "நீ போ," என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீங்கிய முழங்காலோடு குறுக்குப் பாதையில் ஏறினாள். வெள்ளையம்மா அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஐயோ, நானும் ரெண்டு ஞாயிறு போனேனே," என்று அவரும் அம்மாவின் பின்னால் ஓடினார்.

"ரெண்டு ஆளு போயிருச்சு, அரை ஆளு வந்திருக்கு," என்று மருதாயி அத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஹலீம் நானா கடை வாசல் மர வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்த பழனியாண்டி பெரியப்பாவைப் பார்த்தார். தோட்டத்தில் வாச்சராக இருந்து ஓய்வெடுத்தவர். "பெரியப்பா, பலாங்கொடைக்கு வாங்க. ஒரு பால் மா பைக்கட்டுக்கு ஆளு கொறையுது."

"பஸ் காசு?"

"நான் போடுறேன். ஏறுங்க."

அவர் குடையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். ஹலீம் நானா, "எல்லாரும் போங்க, போங்க. உப்பு மொளகாய்க்கு இங்கதானே வரணும்," என்று சிரித்தார். பெண்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சூப்பர்மார்க்கெட்டுக்குள் குளிராக இருந்தது. வாங்குவதற்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாச் சாமானிலும் விலை ஒட்டியிருந்தது. மருதாயி அத்தை எல்லோருக்கும் முன்னால் நடந்து, அரிசிப் பைக்கட்டுகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். பழனியாண்டி பெரியப்பா ஒரு சவர்க்காரத்தை எடுத்து மணந்து பார்த்து, விலையைக் கேட்டு, கையைச் சுட்டுக்கொண்டவர் போல வைத்துவிட்டார்.

காசு கொடுக்கும் வரிசையில் நின்றபோதுதான் என் கையிலிருந்த அரிசிப் பைக்கட்டை வாசித்தேன். அது சம்பா. விலை குறைந்தது நாட்டரிசிக்குத்தான்.

"அத்தை," என்றேன்.

"என்னா?"

"இது சம்பா. இதுக்குக் கொறைக்க மாட்டாங்க."

"என்னா மொணங்குற?"

"இது வேற அரிசி! எல்லாருமே மாத்தணும்!"

காசாளர் பெண் தலையைத் தூக்கினாள். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் சிங்களத்தில் அவளிடம் நாட்டரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டாவது தட்டில், கீழே, என்று காட்டிவிட்டு, "நங்கி, இக்மன் கரன்ன," என்று அவசரப்படுத்தினாள். ஒன்பது பேரும் ஒன்பது அரிசிப் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினோம். பழனியாண்டி பெரியப்பா குடையையும் அரிசியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் மருதாயி அத்தை எல்லோருக்கும் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும், "பெரட்டுல போயி மதினி பேரை ஏலம் போட்டியாமே," என்றார். கோபம் இன்னும் இருந்தது. ஐஸ்பழமும் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். மூன்று சாமானிலும் எனக்கு மிச்சம் நூற்றுப் பதினைந்து ரூபாய். பஸ்ஸுக்குப் போக வர நாற்பத்தாறு. கையில் நின்றது அறுபத்தொன்பது. எனக்குப் பேர் இல்லாததால் நான் எதையும் இழக்கவில்லை. மற்றப் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த அறுபத்தொன்பது ரூபாயைத் தேடியிருந்தார்கள். முன் சீட்டில் மருதாயி அத்தை கடைப் பையை மடியில் வைத்து, கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்ட ஆள் தன்னைப் பார்த்துத் தலையை ஆட்டிய கதையை மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தை எந்தப் பக்கம் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று அம்மா பெரட்டுக்கு நேரத்துக்குப் போய்விட்டிருந்தாள். தீபாவளிச் சேலைக்கு மேல் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனதை ஒரு வாரம் சொல்லிச் சிரிப்பார்கள் என்று அவளே சொன்னாள். ஆனால் ஏறி ஓடியதில் முழங்கால் கெட்டுவிட்டது. வியாழக்கிழமை எப்படியோ பதினாறு கிலோ கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பதினாறரை. சனிக்கிழமை காலையில் பாயிலிருந்து எழும்ப என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள்தான்," என்றாள். "பதினாறு கொறைஞ்சா அரைப்பேரு. அரைப்பேரை வரவுல சேக்க மாட்டாங்க. அதையும் போயி நீ கேட்டுட்டு வராத."

பத்து மணிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மற்றவர்கள் தங்கள் தேயிலை நிரையில் பாதித் தூரம் ஏறியிருந்தார்கள். அம்மா அடியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடையின் அடி தெரிந்தது. நான் தூக்குப்போணியை வைத்துவிட்டு அவளுடைய நிரைக்குள் இறங்கிக் கொழுந்தைக் கிள்ளினேன்.

"யாரது?" மேலே றோட்டிலிருந்து நல்லையா கணக்கப்பிள்ளை கத்தினார். "பேரில்லாத ஆளு கொழுந்துல கை வைக்கக் கூடாது! ஏறு மேல!"

நான் கையை எடுத்துவிட்டேன். அம்மா எழுந்து கிள்ளத் தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் விரல் மடங்கும்போது உதட்டைக் கடித்தாள். இப்படிப் போனால் பத்துக் கிலோ கூட வராது என்று எனக்குத் தெரிந்தது.

பக்கத்து நிரை மருதாயி அத்தையுடையது. புதன்கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்:

"ஊருக்கே கணக்குச் சொல்லுற புள்ளைய பெத்துட்டு, பதினாறு கிலோ எடுக்க ஏலாம ஒக்காந்திருக்கீங்க. கூடையைக் காட்டுங்க."

"வேணாம் மருதாயி. ஒனக்குக் கொறைஞ்சிரும்."

"எனக்கு வரவுக்காசு புதன்கிழமையோட போச்சு. பேரு கொறையாம நான் பாத்துக்கிறேன். காட்டுங்க."

தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அம்மாவின் கூடையில் போட்டார். "ஏ வெள்ளையம்மா, நீயும் கொண்டா. ஒனக்கு அன்னைக்கு பஸ் காசு மிச்சந்தானே." வெள்ளையம்மா அக்கா ஒரு படி அளவு கொண்டுவந்து போட்டார். கணக்கப்பிள்ளை றோட்டில் நின்று இதைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து அவர் வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அம்மாவின் கூடையை நான் தூக்கிக்கொண்டு போனேன். காலை நிறுவையில் ஐந்து கிலோ. மதியம் ஆறு. இப்போது தராசு ஆறரையில் நின்றது.

"பதினேழரை. ஈரத்துக்கு ரெண்டு கழிச்சா பதினஞ்சரை," என்று கணக்கப்பிள்ளை பென்சிலை எடுத்தார்.

எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தன் கொழுந்தை நிறுத்துவிட்டு ஓரமாக நின்ற மருதாயி அத்தை முன்னால் வந்தார்.

"எங்கங்கையா ஈரம்? மூனு நாளா மழை எட்டியும் பாக்கல. கைய விட்டுப் பாருங்க. எங்க எல்லாருக்கும் இன்னைக்கு ஒன்னுதானே கழிச்சீங்க?"

"காலையில பனி இருந்துச்சு."

"பனி அவங்க நிரையில மட்டுமா பேஞ்சுச்சு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்துப் பார்த்தார். அம்மாவின் மணிக்கட்டையும் பார்த்தார்.

"சரி, ஒன்னு. பதினாறரை. முழுப்பேரு." எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தனைன்னு நீயே சொல்லிரு. இல்லாட்டி திங்கக்கிழமையும் பெரட்டுக்கு வந்து நிப்ப."

"பதினெட்டுங்க," என்றேன்.

எல்லோரும் சேர்ந்து லயத்துக்கு இறங்கினோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். இனி வரவுக்காசு ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் உறுதி. சந்தியிலிருந்து சைக்கிளில் ஏறி வந்த பழனியாண்டி பெரியப்பாவை நிறுத்தி, "தேங்கா இன்னைக்கு என்னா வெலை?" என்று கேட்டாள்.

"முப்பத்தேழு."

"நேத்து முப்பத்தி நாலுன்னு சொன்னாங்களே?"

"நேத்து நேத்துதானே."

மருதாயி அத்தைதான் சொன்னார்: "ரெண்டு வீட்டுக்கும் ஒன்னு வாங்குவோம் மதினி. ஒடைச்சு ஆளுக்கு ஒரு மூடி."

"வாங்கலாம். கண்ணு உள்ள மூடி ஒனக்கு."

"ஏன், எனக்கு ஏன்? அதுலதான் பருப்புக் கொறைவு."

"ஒன் வீட்டுல ரெண்டு வாயி, என் வீட்டுல மூனு வாயி."

"இந்தா இருக்கே ஒங்க கணக்கப்பிள்ளை, அதையே கேளுங்க," என்று மருதாயி அத்தை என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஒரு வாரம் மாற்றி ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை. முதல் வாரம் யாருக்கு என்று லயம் வரும்வரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டே இறங்கினார்கள்.